விருதுநகர் காமராசர் வீடு: பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்கிற இடமா?

ஜூன் 28, வாசகர் ஒருவர் எழுதியது

மதுரையிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் காமராசர் வளர்ந்த வீட்டைப் பார்க்கப் போனோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. சின்ன வீடு, சுவரில் படங்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் "வேற என்னப்பா இருக்கு?" என்று கேட்டார்கள், என்னிடம் பதில் இல்லை. இதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்க வேண்டுமா?

ஜூன் 28, இரவு

வேண்டும். வீடு சின்னது என்பதுதான் அங்கே பார்க்க வேண்டிய முதல் விஷயமே. 1954 ஏப்ரலிலிருந்து 1963 அக்டோபர் வரை முதலமைச்சராக இருந்தவரின் சொந்த ஊர் வீடு அது. நேருவுக்குப் பிறகு யார் பிரதமர் என்று தீர்மானித்த இடத்தில் உட்கார்ந்திருந்தவரின் வீடு. ஒன்பது வருடம் மாநிலத்தையே ஆண்டும் அந்த வீட்டில் ஒரு அறைகூடப் புதிதாகச் சேரவில்லை.

இன்னொன்று, இதை நாம் யாரும் யோசிப்பதில்லை. அந்த வீட்டில் காமராசர் இருந்த காலம் கொஞ்சம். பதின்ம வயதிலேயே கட்சி, கூட்டம், ஊர்வலம் என்று வெளியே போய்விட்டார். அப்புறம் சிறை, சென்னை, டில்லி. அங்கேயே இருந்து வாழ்ந்தவர் அவருடைய அம்மா சிவகாமி அம்மாள். அதை அந்த அம்மாவின் வீடு என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் போதாது.

ஜூன் 29

நேற்று சுருக்கமாக எழுதியதைக் கொஞ்சம் விரிக்கிறேன்.

அந்த வீட்டுக்குள் போகிறவர்களை நான் கவனித்திருக்கிறேன். செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்ததும் எல்லாருடைய கண்ணும் சுவருக்குப் போகிறது. படம் படமாகப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வருகிறார்கள், வெளியே வந்துவிடுகிறார்கள். படத்தில் இருப்பதெல்லாம் வேறு ஊரில் நடந்தது. மேடை, மாநாடு, விமான நிலையம், தலைவர்கள். அந்தப் படங்களை எங்கேயும் பார்க்கலாம். வீட்டை அங்கே மட்டும்தான் பார்க்க முடியும். அதனால் நான் என்ன சொல்வேன் என்றால், படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று அறையைப் பாருங்கள். இந்த அகலத்தில் ஒரு குடும்பம் எங்கே படுத்தது, எங்கே சமைத்தது, விருந்தாளி வந்தால் யார் எழுந்து திண்ணைக்குப் போனார்கள் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

அந்தக் குடும்பம் யார் யார் என்று தெரிந்தால்தான் இது நடக்கும். அப்பா குமாரசாமி, அம்மா சிவகாமி, அப்பத்தா பார்வதி, தங்கை நாகம்மாள். பையன் 1903 ஜூலை 15-ல் பிறந்தான். குலதெய்வத்தின் பெயரைச் சேர்த்துக் காமாட்சி என்று பெயர் வைத்தார்கள். அம்மா ராஜா என்று கூப்பிட்டார், இரண்டும் சேர்ந்து காமராஜ் ஆனது. பையனுக்கு ஆறு வயது போல இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு அந்த வீட்டின் கணக்கு முழுக்கப் பெண்கள் கையில். சிவகாமி அம்மாள் தன் நகைகளை விற்றுப் பணமாக்கி, ஒரு வியாபாரியிடம் கொடுத்து, வருகிற வட்டியில் குடும்பத்தை ஓட்டினார். சொந்தமாக ஒரு ரூபாய் சம்பாதிக்க வழியில்லாத இளம் விதவை, இரண்டு சின்னப் பிள்ளைகள், வயதான மாமியார். அந்தக் காலத்து விருதுபட்டியில் (விருதுநகரின் பழைய பெயர்) இதை நடத்திக் காட்டியிருக்கிறார். காமராசரின் நிர்வாகத் திறமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். முதல் நிர்வாகி அந்த வீட்டில் இருந்தார்.

ஜூன் 29, மாலை

எப்படிப் போவது என்று கேட்ட திருநகர்க்காரருக்கு: மாட்டுத்தாவணியில் விருதுநகர் வழியாகத் தெற்கே போகிற எந்தப் பேருந்தும் சரி. திருமங்கலம், கள்ளிக்குடி தாண்டினால் விருதுநகர். ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். ரயிலில் போனால் இன்னும் சுகம். ஊருக்குள் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கார் கொண்டுபோகாதீர்கள், அந்தத் தெருவுக்குள் காரை விட்டுவிட்டுத் திருப்ப முடியாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஜூலை 1

சிவகாசிக்காரர் ஒருவர், "அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றியும் சொல்லுங்கள், வீட்டை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான்" என்கிறார். நியாயம்.

முதலில் திண்ணைப் பள்ளிக்கூடம், அப்புறம் சத்திரிய வித்தியாசாலை. இந்தப் பள்ளிக்கூடம் எப்படி ஓடியது என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிடி அரிசி. வீட்டில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போடுவார்கள். அது சேர்ந்து பள்ளிக்கூடத்துக்குப் போகும். கடைகளில் மகமை. விற்கிற சரக்குக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் ஒதுக்கி வைத்து, நாடார் உறவின்முறையின், அதாவது ஊர்ச் சாதிச் சங்கத்தின், பொதுப் பணத்தில் சேர்ப்பார்கள். கோவில், கிணறு, பள்ளிக்கூடம் எல்லாம் அதில்தான். அரசாங்கம் கொடுத்த பள்ளிக்கூடம் இல்லை, தங்களை உள்ளே விடாத ஒரு காலத்தில் நாடார்கள் தாங்களே கட்டிக்கொண்டது. காமராசர் பிறப்பதற்கு நான்கு வருடம் முன்னால் 1899-ல் சிவகாசிக் கலவரம் நடந்திருக்கிறது. கோவிலுக்குள் போகிற உரிமைக்காகக் கமுதியில் வழக்கு. மதுரை மீனாட்சி கோவிலுக்குள் நாடார்கள் போக முடிந்ததே 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் நடத்திய ஆலயப் பிரவேசத்துக்குப் பிறகு. அன்றைக்கு உள்ளே போனவர்களில் விருதுநகர்க்காரர் ஒருவரும் இருந்தார்.

இதைச் சாதிப் பெருமைக்காகச் சொல்லவில்லை. படிப்புக்காக வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்த ஊரில் வளர்ந்த பையன், பின்னால் முதலமைச்சராகிப் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டார். அரிசியும் படிப்பும் ஒன்றாகச் சேருவதை அவர் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டார் என்று நான் நம்புகிறேன். இது என் ஊகம்தான், ஆனால் உறுதியான ஊகம்.

ஜூலை 1, பின்னிரவு

பள்ளிக்கூடம் என்றதும் அந்த விநாயகர் சதுர்த்திக் கதையைச் சேர்க்காமல் தூக்கம் வராது. பள்ளியில் பூசை முடிந்து பிரசாதம் கொடுக்கிறார்கள். மற்றப் பையன்கள் முண்டியடித்து வாங்க, இவன் ஒதுங்கி நிற்கிறான், கையில் கொஞ்சம்தான் வருகிறது. வீட்டில் "ஏன் இவ்வளவுதான்?" என்று கேட்டால், எல்லாரிடமும் ஒரே காசு வாங்கியவர் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்திருக்க வேண்டாமா என்று பதில். தலைவர்களின் பிள்ளைப்பருவக் கதைகளை நான் அதிகம் நம்புவதில்லை. இதை நம்புகிறேன், ஏனென்றால் இதில் பையன் ஜெயிக்கவில்லை. கொஞ்சமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான், அவ்வளவுதான்.

ஜூலை 3

அப்பத்தா பார்வதி அம்மாளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடக் கூடாது.

காமராசரின் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். 1919-ல் ஜாலியன்வாலாபாக் செய்தி வந்தது, பையன் கடையில் உட்காரவில்லை. கூட்டம் நடக்கும் இடத்துக்கெல்லாம் போனான். இப்படியே விட்டால் சரிப்படாது என்று திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பினார்கள். அரசியலை மறக்கட்டும் என்று மலையாளக் கரைக்கு அனுப்பினால், 1924-ல் வைக்கத்தில் போராட்டம், அங்கே போய் நின்றார். எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் அதே இடத்துக்கு வந்து நிற்கிற ஆளை வீடு என்னதான் செய்யும்?

1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தில் கைதாகி வங்காளத்தில் அலிப்பூர் சிறைக்குப் போனார். இங்கே அப்பத்தா சாகக் கிடந்தார். பேரனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். பரோலில் வந்துவிட்டுப் போகலாம் என்று நண்பர்கள் எவ்வளவோ சொல்லியும் இவர் வர மறுத்துவிட்டார். காந்தி–இர்வின் ஒப்பந்தத்துக்குப் பிறகு 1931-ல் விடுதலையாகி வந்தார். கிழவி அதுவரைக்கும் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்தார், பேரனைப் பார்த்துவிட்டார்.

பாடப் புத்தகத்தில் இது கொள்கை உறுதி. அந்த வீட்டுக்குள் நின்று யோசித்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் அவர் மறுத்தார், சரி. அந்த மறுப்புச் செய்தியைக் கட்டிலில் கிடந்த கிழவியிடம் யார் சொன்னது? சிவகாமி அம்மாள்தானே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூலை 4

சாத்தூர்க்காரர் கோபமாகக் கேட்கிறார்: "பெருந்தலைவர் தன் தாயைக் கஷ்டப்படுத்தினார் என்று சொல்ல வருகிறீர்களா?"

அய்யா, நான் சொல்ல வருவது இதுதான். அவருடைய எளிமையை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். அந்த எளிமைக்கு ஒரு விலை இருந்தது. அவர் தன் பங்கைச் சிறையிலும் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்த வாழ்க்கையிலும் கொடுத்தார். மீதிப் பங்கை அந்த வீட்டில் இருந்த பெண்கள் கொடுத்தார்கள். மாதம் 120 ரூபாய் அம்மாவுக்கு அனுப்பினார், முதலமைச்சரின் அம்மா என்று பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா, கலர் வாங்கிக் கொடுக்கவே பத்தவில்லை, முப்பது ரூபாய் கூட்டி அனுப்பச் சொல்லுங்கள் என்று அம்மா சொல்லி அனுப்பியும் கூட்டவில்லை என்பது விருதுநகரில் யாரும் சொல்லும் கதை. நகராட்சி அந்த வீட்டுக்கென்று தனியாகக் குழாய் போட்டதை எடுக்கச் சொன்னார் என்பதும் அப்படித்தான். இரண்டையும் மேடையில் சொல்லும்போது கைதட்டல் விழுகிறது. குழாயை எடுத்த மறுநாள் காலையில் தெருக்குழாய்க்குக் குடத்தோடு போனவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

விருதுநகரில் தண்ணீர்க் கஷ்டம் என்னவென்று அந்த ஊரில் பெண் கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 5

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதோடு இதையும் வைக்க வேண்டும்.

எங்கள் அம்மாவிடம் அதைப் படித்துக் காட்டினேன். அம்மா கள்ளிக்குடிப் பக்கத்துக் கிராமம். கேட்டுவிட்டு, "நீ சொல்றது சரிதான். ஆனா அந்த அம்மா மகனைப் பத்தி யார்கிட்டயாவது குறை சொன்னாங்களா? தெருவுல எல்லாருக்கும் இல்லாத குழாய் நம்ம வீட்டுல மட்டும் இருந்தா, பக்கத்து வீட்டுக்காரி மூஞ்சிய எப்படிப் பார்க்கிறது?" என்றார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை. தெருவில் வாழ்கிறவர்களுக்குத்தான் தோன்றும். காமராசர் கொள்கைக்காகக் குழாயை மறுத்தார் என்றால், சிவகாமி அம்மாள் அதே தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதற்காக அதை ஏற்றுக்கொண்டிருக்கலாம். மகனுக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் இது ஒரு பதில். அப்படியானால் அவர் மகனுக்காகத் தியாகம் செய்த தாய் என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. அவருக்கென்று ஒரு வைராக்கியம் இருந்திருக்கிறது. விலை கொடுத்தவர் என்று நான் சொன்னது அப்படியே நிற்கிறது, தெரிந்தே கொடுத்தவர் என்று அதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

ஜூலை 6

அம்மாவின் பேச்சு வந்துவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

மதிய உணவுத் திட்டம் 1956-ல் வந்தது. பாரதி பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கி வைத்தார். அம்மா பள்ளிக்கூடம் போனது அறுபதுகளில். வீட்டிலிருந்து ஈயத் தட்டு கொண்டுபோக வேண்டும். மக்காச்சோள ரவையில் உப்புமா, நல்ல மஞ்சளாக இருக்குமாம். பால் பவுடரை வெந்நீரில் கரைத்து ஒரு அண்டாவில் வைத்திருப்பார்கள், அடியில் கட்டி கட்டியாகத் தங்கும், அந்தக் கட்டிக்காகக் கடைசியில் நிற்கப் போட்டி. வரிசையில் கடைசியில் நிற்பதற்குப் பிள்ளைகள் சண்டை போட்ட ஒரே இடம் அதுதான் என்று அம்மா இன்றைக்கும் சிரிப்பார். பவுடரும் ரவையும் அமெரிக்காவிலிருந்து கேர் நிறுவனம் மூலமாக வந்தது. தட்டைக் கழுவிப் பைக்குள் வைக்கும்போது நோட்டு நனைந்துவிடும், அதற்கு வாத்தியாரிடம் அடி.

அம்மாவின் அக்கா பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் காலத்தில் சோறு இல்லை. ஒரே வீட்டில் சில வருட வித்தியாசத்தில் ஒருவர் கையெழுத்து, இன்னொருவர் கைநாட்டு. பெரியம்மா ரேஷன் கடையில் கட்டை விரலை நீட்டும்போதெல்லாம் எனக்கு அந்த 1956 ஞாபகம் வரும். இதைத் தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்குள் போகிறவனுக்கு அது பத்து நிமிட இடம் இல்லை.

ஜூலை 9

மதுரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவருக்கு: நிறைய.

காந்தியைக் காமராசர் முதலில் பார்த்தது மதுரையில், 1921 செப்டம்பரில். அதே பயணத்தில்தான் செப்டம்பர் 22 அன்று, மேல மாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது, காந்தி மேல் சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறினார். அந்த இடத்தில் இப்போது கதர்க்கடை இருக்கிறது. ஆக, பதினெட்டு வயதுப் பையன் பார்த்த காந்தி, உடையை மாற்றப்போகிற நேரத்துக் காந்தி. காமராசர் கடைசி வரை கதர்ச் சட்டையும் வேட்டியுமாக இருந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

அப்புறம் 1933-ல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கு. தபால் நிலையத்தில் குண்டு வெடித்ததில் இவரையும் சிக்க வைத்தார்கள். வாதாடியவர்களில் ஒருவர் மதுரையில் இருந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துக் கள்ளர் மக்களுக்காக நின்ற அதே மனிதர், உசிலம்பட்டிப் பக்கம் அவரை ரோசாப்பூ துரை என்பார்கள். வழக்கு நிற்கவில்லை, காமராசர் வெளியே வந்தார்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் காலையில் மதுரை காந்தி அருங்காட்சியகம், சாயங்காலம் விருதுநகர் என்று வைத்துக்கொள்ளலாம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில்தான் அருங்காட்சியகம் இருக்கிறது. அரண்மனையில் ஆரம்பித்து அந்தச் சின்ன வீட்டில் முடிப்பது நல்ல வரிசை.

ஜூலை 10

எட்டயபுரம் பாரதி வீடு, ஒட்டப்பிடாரம் வ.உ.சி. வீடு, விருதுநகர் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்று ஒருவர். பார்க்கலாம், ஆனால் வேண்டாம். மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் தூங்கிவிடும்.

ஜூலை 16

நேற்று ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள். விருதுநகர் போயிருந்தேன். காலையில் மாலை, கட்சிக்காரர்கள், கொடி, தெருவில் நடக்க இடமில்லை. ஒரு டீக்கடையில் ஒதுங்கி உட்கார்ந்து கூட்டம் குறையட்டும் என்று இருந்தேன். மத்தியானத்துக்கு மேல் தெரு பழைய நிலைக்கு வந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் செருப்புகள் குவிந்தன, எல்லாம் ஒரே மாதிரி நீல வார் செருப்புகள், திரும்பிப் போகும்போது எது யாருடையது என்று பெரிய கலவரம்.

உள்ளே ஒரு பையன், ஐந்தாவது படிப்பான், படங்களைப் பார்க்காமல் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்ன தம்பி பார்க்கிற?" என்றேன். "எங்க வீடும் இவ்வளவுதான் சார்" என்றான். டீச்சர் அவனைத் தலையில் தட்டி வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் அவனோடு இன்னும் கொஞ்சம் பேசியிருக்க வேண்டும் என்று ஊருக்கு வருகிற வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். அங்கே வந்து போன அத்தனை பேரிலும் வீட்டைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

பேருந்து நிலையத்துக்கு வருகிற வழியில் மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வருஷத்துல ஒரு நாள் தேர்த் திருவிழா மாதிரி. மத்த நாள்ல வந்தீங்கன்னா நிம்மதியாப் பார்க்கலாம்" என்றார். பிறந்த நாளில் போகாதீர்கள் என்பதற்கு உள்ளூர்க்காரர் வாக்கே இருக்கிறது.

ஜூலை 20

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒன்று. எழுதிவிடுகிறேன்.

பிள்ளைகள் கொஞ்சம் பெரியவர்களாக இருந்தால், அந்த வீட்டோடு தேசபந்து மைதானத்தையும் காட்டுங்கள். அதே ஊர்தான். 1956-ல் சங்கரலிங்கனார் உண்ணாநோன்பு இருந்த இடம். அவரும் விருதுநகர்க்காரர், அவரும் காங்கிரஸ்காரர், கதர் உடுத்திய காந்தியவாதி. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பது முதலாகப் பன்னிரண்டு கோரிக்கைகள். பல தலைவர்கள் கேட்டுக்கொண்டும் நிறுத்தவில்லை. 76 நாள் உண்ணாமல் இருந்து, கடைசியில் மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டு, அக்டோபர் 13-ல் இறந்தார். அப்போது முதலமைச்சர் காமராசர். மூன்று வாரத்துக்குள் நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலம் பிறந்தது, பெயர் மட்டும் மதராஸ் என்றே இருந்தது. தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14-ல், வேறு ஆட்சியில்.

1967-ல் காமராசர் இதே விருதுநகர்த் தொகுதியில் நின்றார். 57-லும் 62-லும் சாத்தூரில் ஜெயித்தவர். சொந்த ஊர் அவரை 1,285 வாக்கில் தோற்கடித்தது, அதுவும் ஒரு மாணவர் தலைவரிடம். அன்றைக்கும் அவர் அம்மா அந்த வீட்டில்தான் இருந்தார். மகனுக்கு ஓட்டுப் போட்டவர்களும் போடாதவர்களும் அதே தெருவில்.

நல்லது செய்தார், அதனால் எல்லாரும் வணங்கினார்கள் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் அது அரைகுறை. ஒரே ஊரில் இரண்டு பிடிவாதக்காரர்கள், இரண்டு பேரும் நேர்மையானவர்கள், ஒருவர் கேட்டதை இன்னொருவர் கொடுக்கவில்லை. அரசியல் என்றால் என்ன என்று பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் இல்லை.

ஜூலை 27

எதிர்பார்த்தபடி இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு வந்திருக்கிறது. ஒரு தரப்பு, பெருந்தலைவர் வீட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் இது எதற்கு என்கிறது. இன்னொரு தரப்பு, சங்கரலிங்கனாரைச் சாகவிட்டவரை ஏன் கொண்டாடுகிறீர்கள் என்கிறது.

முதல் தரப்புக்கு: 1941-ல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே காமராசரை விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்து, பொறுப்பை ஏற்று, உடனே ராஜினாமா செய்தார். ஊர் கொடுத்ததை ஊரிடமே திருப்பிக் கொடுக்கத் தெரிந்தவர் அவர். அந்த ஊர் அவரிடம் கேட்டு அவர் கொடுக்காமல் விட்டதையும் பேசினால் அவர் பெருமை ஒன்றும் குறைந்துவிடாது. 67 தோல்விக்குப் பிறகு மக்களைக் குறை சொல்லிக்கொண்டு திரியவில்லை, 1969-ல் நாகர்கோவிலில் நின்று ஜெயித்தார்.

இரண்டாவது தரப்புக்கு: இன்றைக்கு ஜூலை 27. சங்கரலிங்கனார் நோன்பைத் தொடங்கிய நாள். அவருக்கும் விருதுநகரில் மணிமண்டபம் இருக்கிறது. காமராசர் வீட்டுக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசி அங்கே போகட்டும், அதற்குப் பிறகு என்னோடு சண்டை போடலாம்.

இதற்கு மேல் இந்த விஷயத்தில் நான் வாதாடப் போவதில்லை. இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும், அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆகஸ்ட் 3

முதலில் கேள்வி கேட்ட வாசகர் தனியாக எழுதியிருந்தார். மறுபடியும் போகிறாராம், இந்தத் தடவை அவருடைய மாமியாரையும் கூட்டிக்கொண்டு. மிக்க சந்தோஷம். மாமியாரை முதலில் பேச விடுங்கள். அந்த வயதுப் பெண்கள் அந்த வீட்டில் நமக்குத் தெரியாத பத்து விஷயம் சொல்வார்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியை அறுபது பிள்ளைகளை அழைத்துப் போவது எப்படி என்று கேட்டிருக்கிறார். டீச்சர், அறுபது பேரை ஒரே தடவையில் உள்ளே விடாதீர்கள். பதினைந்து பதினைந்தாகப் பிரியுங்கள். உள்ளே போகாதவர்களுக்கு வெளியே ஒரு வேலை கொடுங்கள்: தெருவின் அகலத்தைக் காலடியால் அளக்கச் சொல்லுங்கள், பெரியவர்கள் யாராவது வாசலில் உட்கார்ந்திருந்தால் வணக்கம் சொல்லி, அந்தக் காலத்தில் தண்ணீர் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். உள்ளே போகிறவர்களுக்கு, நான்கு பேர் இந்த அறையில் எப்படிப் படுத்திருப்பார்கள் என்று படம் வரையச் சொல்லுங்கள். சுவரில் இருக்கும் படங்களைக் கடைசியில் பார்க்கட்டும். சத்திரிய வித்தியாசாலையைப் பற்றிச் சொல்லும்போது ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரச் சொல்லி ஒரு பாத்திரத்தில் போட்டுக் காட்டுங்கள், அறுபது பிடி எவ்வளவு வருகிறது என்று அவர்களே பார்க்கட்டும். சேர்ந்த அரிசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் உங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிடலாம்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எண்ணெய்ப் பரோட்டா வேண்டாம். அறுபது பேருக்குப் போட்டுக் கொடுப்பதற்குள் மதுரை போய்ச் சேர்ந்துவிடலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள்.